ஈமக்காடும் வாழ்விடமும்: வடபுதுக்கோட்டைக் குன்றுநிலத்தில் பெருங்கற்காலக் குடியிருப்புகளைத் தேடும் நெறி

ஆய்வுச்சுருக்கம்

புதுக்கோட்டை மாவட்டத்தின் வடபகுதிக் குன்றுநிலம் கல்வட்டங்கள், கற்பதுக்கைகள், முதுமக்கள் தாழிகள் ஆகிய பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் செறிந்த பகுதியாகும். இவற்றுட் பல சட்டப்படி பாதுகாக்கப்பட்டுள்ளன. ஆயின், இச்சின்னங்களை எழுப்பிய மக்கள் வாழ்ந்த ஊர்கள் அதே அளவில் அடையாளம் காணப்படவில்லை. மாண்டோரின் காடு காக்கப்பட, வாழ்ந்தோரின் ஊர் கண்ணுக்குப் படாமலே அழியும் நிலை இதனால் ஏற்படுகிறது. இந்நிலைக்குரிய காரணங்களை நிலவமைப்பு, ஆய்வு வரலாறு, சங்க இலக்கியம், கல்வெட்டு, பாதுகாப்புச் சட்டம் ஆகியவற்றின் துணைகொண்டு ஆராய்ந்து, வாழ்விடங்களைக் கண்டறியும் நெறியொன்றை இக்கட்டுரை முன்வைக்கிறது.

குறிப்புச் சொற்கள்: பெருங்கற்காலம், ஈமக்காடு, வாழ்விடம், சித்தன்னவாசல், கோனாடு, பொற்பனைக்கோட்டை, தொல்லியல் பாதுகாப்பு.

1. முன்னுரை

புதுக்கோட்டையிலிருந்து வடமேற்கே அன்னவாசல் செல்லும் வழியில் சித்தன்னவாசல் குன்றை அடைவோர், அறிவர் கோயில் ஓவியங்களைக் காணும் ஆர்வத்தில், வழியின் மருங்கே கிடக்கும் கல்வட்டங்களைப் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுவர். ஓவியங்களுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டவை அக்கற்கள். மண்ணுள் பாதி புதைந்தும் மூடுகல் சரிந்தும் கிடக்கும் அவை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. அறிவிப்புப் பலகை அவற்றை ஈமச்சின்னங்கள் என்று கூறுகிறது. அங்குப் புதைக்கப்பட்டோர் எங்கு வாழ்ந்தனர் என்னும் வினாவுக்குப் பலகையில் விடையில்லை. ஆய்வு நூல்களிலும் நிறைவான விடை இல்லை.

தமிழகப் பெருங்கற்கால ஆய்வு நெடுங்காலம் ஈமச்சின்ன ஆய்வாகவே நடைபெற்று வந்தது. கல்லறையின் வடிவம், அதன் திசை, உள்ளே கிடைக்கும் மட்கலம், இரும்புக் கருவி, மணிகள் ஆகியவையே பண்பாட்டை வரையறுக்கும் சான்றுகளாயின. சாவின் சடங்கைக்கொண்டு வாழ்வை ஊகிக்கும் முறை இது. இம்முறையின் பயனைக் குறைத்து மதிப்பிட இயலாது. எனினும், வயல், சூளை, உலை, நீர்நிலை, வீடு ஆகியவற்றைப் பற்றிக் கல்லறை நேரடியாக எதையும் கூறாது. எனவே வாழ்விடத் தேடல் ஒரு துணைப்பணியன்று. பெருங்கற்கால வரலாற்றின் மறுபாதி அது.

2. நிலவமைப்பு

வெள்ளாறு புதுக்கோட்டைப் பகுதியைப் பண்டு இரு நாடுகளாகப் பிரித்தது. ஆற்றின் வடபால் கோனாடு, தென்பால் கானாடு. கோனாட்டின் வடபகுதியே இக்கட்டுரையின் களம். இன்றைய குளத்தூர், இலுப்பூர், விராலிமலை வட்டங்கள் இதில் அடங்கும். நார்த்தாமலை, குடுமியான்மலை, சித்தன்னவாசல், விராலிமலை எனக் கருங்கற் குன்றுகள் சமவெளியிலிருந்து திடீரென எழுந்து நிற்கின்றன. இவை தொடர்மலைகள் அல்ல. தனித்தனிப் பாறைக் குன்றுகள். குன்றடியில் பாறை வெளிப்பட்ட மேட்டுநிலம். அதற்கடுத்து மழைநீரை எதிர்நோக்கும் புன்செய். தாழ்விடங்களில் ஏரிகளும் கண்மாய்களும் அவற்றின் பாசன நன்செய்யும் என்பதே இந்நிலத்தின் பொது ஒழுங்கு.

இவ்வொழுங்கு ஈமச்சின்னங்களின் இருப்பிடத்தை விளக்குகிறது. பெரும்பலகைகளாகப் பிளக்கத்தக்க கல் குன்றடியிலேயே கிடைத்தது. பயிர்செய்ய ஏலாத மேட்டுநிலம் புதைப்பிடமாயிற்று. மாவட்டத்தின் கிழக்கே, திருவரங்குளம் பகுதியில், செம்புறாங்கல் மிகுதி; அங்கு அக்கல்லே ஈமச்சின்னங்களுக்குப் பயன்பட்டது. அருகிலுள்ள கல்லே பண்பாட்டின் வடிவத்தைத் தீர்மானித்தது எனலாம்.

இதே ஒழுங்கு வாழ்விடம் மறைந்த காரணத்தையும் விளக்குகிறது. புதைப்பிடம் பயனற்ற நிலம். ஆதலால் பிற்காலத்தோர் அதைத் தொடவில்லை. வாழ்விடமோ நீரும் மண்ணும் வாய்த்த நிலம். ஆதலால் ஒவ்வொரு தலைமுறையும் அதையே மீண்டும் உழுதது, அதன்மேலேயே வீடு கட்டியது. ஸ்காட்லாந்தின் வட மேட்டுநிலத்தில் தொல்பழங்கால வட்டவீடுகளின் கல் அடித்தளங்களும், வயல் எல்லைகளும், ஈமக் கற்குவைகளும் ஒரே வெளியில் அருகருகே இன்றும் காணக்கிடைக்கின்றன. அங்கு வீடு கல்லால் அமைந்தது. பிற்காலத்தில் அந்நிலம் உழவுக்கு உட்படாமல் மேய்ச்சற் கரம்பாகக் கிடந்தது. நம் குன்றுநிலத்தில் இவ்விரு வாய்ப்புகளும் இல்லை. வீடு மண்ணாலும் மரத்தாலும் கூரைப்புல்லாலும் ஆனது; அது நின்ற நிலமோ இன்றுவரை உழப்படுகிறது. அங்கு வீடும் கல்லறையும் ஒருங்கே நிலைத்தன; இங்குக் கல்லறை மட்டுமே எஞ்சியது.

3. ஆய்வு வரலாறு

புதுக்கோட்டைத் தனியரசின் காலத்திலேயே இப்பகுதியின் தொல்பொருள்கள் மீது கவனம் விழுந்தது. 1910இல் தோன்றிய புதுக்கோட்டை அருங்காட்சியகம் ஈமச்சின்னங்களிலிருந்து கிடைத்த தாழிகளையும் மட்கலங்களையும் சேர்த்துக் காத்தது. 1938 முதல் 1944 வரை வெளிவந்த புதுக்கோட்டை அரசின் கையேடு, கே. ஆர். வேங்கடராம ஐயரின் பதிப்பில், ஊர்தோறும் உள்ள தொல்லிடங்களைக் குறித்துவைத்தது. புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய கே. ஆர். சீனிவாசன், தென்னிந்தியப் பெருங்கற்கால ஈமச்சின்னங்களைத் தமிழ் இலக்கியத்தோடும் மரபோடும் பொருத்திக் காணும் கட்டுரையை 1946இல் ‘பண்டைய இந்தியா’ ஆய்விதழில் வெளியிட்டார். இலக்கியச் சொல்லையும் களச்சான்றையும் ஒன்றோடொன்று வைத்து நோக்கும் முறைக்கு அக்கட்டுரை அடித்தளமிட்டது. 1949இல் வெ. து. கிருஷ்ணசாமி தென்னிந்தியப் பெருங்கற்சின்ன வகைகளை வரையறுத்தார்.

இப்பணிகள் யாவும் கண்ணுக்குத் தெரிந்த கல்லிலிருந்து தொடங்கின. ஆகவே வகைப்பாடும் கல்லின் வகைப்பாடாகவே அமைந்தது. 1948 மார்ச் 3ஆம் நாள் தனியரசு இந்திய ஒன்றியத்தோடு இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாகி, 1974 ஜனவரி 14இல் தனி மாவட்டமாயிற்று. ஆட்சி மாறியபோதும் பாதுகாப்புப் பட்டியலின் இயல்பு மாறவில்லை. முன்னோர் கண்ட கல்வட்டங்களே பட்டியலில் இடம்பெற்றன. முன்னோர் தேடாத ஊர்கள் இடம்பெறவில்லை. இது முன்னோரின் குறையன்று. அக்காலத் தொல்லியல் எழுப்பிய வினாவின் எல்லை.

4. கல்லறை கூறும் ஊர்

ஈமச்சின்னத்தையே வாழ்விடச் சான்றாக வாசிக்கவும் இடமுண்டு. இப்பகுதியின் கற்பதுக்கை நான்கு பக்கமும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் இட்டு, சுற்றிலும் கல்வட்டம் அமைத்து உருவாக்கப்படுவது. சிலவற்றில் உள்ளிடம் தடுப்புக் கல்லால் இரு அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கற்பலகையில் வட்டமான இடுதுளை குடையப்பட்டிருக்கும். இவ்வமைப்பிலிருந்து மூன்று செய்திகளை உய்த்துணரலாம்.

முதலாவது, உழைப்பின் திரட்சி. பெரும்பலகையைப் பாறையிலிருந்து பிரித்து, இழுத்துவந்து, நிறுத்தி, மூடுகல்லை ஏற்றுவதற்குப் பலர் ஒருங்குகூட வேண்டும். அவர்களுக்கு அந்நாள்களில் உணவளிக்க மிகுவிளைச்சல் வேண்டும். அஃதாவது, நாடோடிக் குழுவைவிட நிலைத்த ஊர் ஒன்றே இப்பணிக்குப் பொருத்தமானது. இரண்டாவது, தொழிற்பிரிவு. கல் வெட்டுவோர், இரும்புக் கருவி வடிப்போர், கருப்பு-சிவப்பு மட்கலம் சுடுவோர் எனப் பயிற்சி பெற்றோர் இருந்தனர். அவர்களின் உலையும் சூளையும் ஈமக்காட்டில் இல்லை. ஊரிலோ ஊரின் விளிம்பிலோ இருந்திருத்தல் வேண்டும். மூன்றாவது, தொடர்ச்சி. இடுதுளை மூலம் கல்லறையை மீண்டும் பயன்படுத்த இயலும் என்பது ஆய்வாளர் கருத்து. மீண்டும் வந்து புதைக்கும் மக்கள் அண்மையில் வாழ்ந்தவராதலே இயல்பு.

மக்கள் வழக்கோ இச்சின்னங்களை வேறு வகையில் விளக்கியது. பாண்டவர் குழி, குரங்குப்பட்டறை, குள்ளர் வீடு என்றெல்லாம் இவை வழங்கப்பட்டன. இவற்றுள் ‘வீடு’, ‘பட்டறை’ என்னும் சொற்கள் கருதத்தக்கவை. புதைத்தோரின் நினைவு அறுந்தபின், கல்லறையையே மக்கள் வாழ்விடமாகக் கற்பித்துக்கொண்டனர். ஊர் மறைந்த இடத்தைக் கற்பனை நிரப்பியது எனலாம்.

5. இலக்கியச் சான்றும் அதன் எல்லையும்

மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை, எரித்தல், வாளா இட்டுவிடுதல், குழி தோண்டிப் புதைத்தல், தாழ்ந்த இடத்தில் வைத்து அடைத்தல், தாழியால் கவித்தல் என ஐவகை ஈமமுறைகளைச் சுட்டுகிறது. பெருங்கற்கால ஆய்வில் மிகுதியாக எடுத்தாளப்படும் இப்பகுதி ஈமக்காட்டைப் பற்றியது. வாழ்விடத் தேடலுக்கு உதவுவன புறநானூற்றின் வேறிரு பாடல்கள்.

கிள்ளிவளவன் மறைந்தபோது ஐயூர் முடவனார் பாடிய 228ஆம் பாடலும், பாடியவர் பெயர் அறியப்படாத 256ஆம் பாடலும் தாழி பற்றியவை. முன்னதில் அப்பெருவேந்தனை அடக்கவல்ல தாழியை வனைய இயலுமோ எனப் புலவர் இரங்குகிறார். பின்னதில் கணவனை இழந்த பெண், தனக்கும் இடமுண்டாகுமாறு தாழியை அகலமாக வனையும்படி வேண்டுகிறாள். இரண்டும் குயவனை நோக்கிய விளிகள். இரண்டிலும் அக்குயவன் ‘மூதூர்’க்கு உரியவனாகக் கூறப்படுகிறான், முன்னதில் சூளையின் புகையும் இடம்பெறுகிறது. ஈமத்தாழியைப் பாடவந்த புலவர் ஈமக்காட்டை நோக்காமல் ஊரின் சூளையை நோக்கினார் என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. தாழியின் பயணம் சூளையில் தொடங்கிக் காட்டில் முடிகிறது. தொல்லியலாளர் அப்பயணத்தைப் பின்னோக்கி நடந்தால் ஊரை அடையலாம். களத்தில் இதன் பொருள் யாதெனில், கல்வட்டத்திற்கு அப்பால் உள்ள வயல்களில் சூளைச் சாம்பல், மிகைவெந்து உருக்குலைந்த ஓடு, சுட்ட களிமண் கட்டி ஆகியவற்றைத் தேடவேண்டும் என்பதாகும்.

வாழ்வின் தன்மைக்கு மாங்குடி கிழாரின் 335ஆம் புறப்பாடல் உதவுகிறது. வரகு, தினை, கொள், அவரை ஆகிய நான்கை மட்டுமே உணவாகக் கொள்ளும் சிற்றூரை அது காட்டுகிறது. நான்கும் புன்செய்ப் பயிர்கள். வடபுதுக்கோட்டை மேட்டுநிலத்திற்கு அவை பொருந்துவன. எனினும் அப்பாடல் இந்நிலத்தைக் குறித்தது என்று கூற அகச்சான்று இல்லை. கோனாட்டு எறிச்சலூர் மாடலன் மதுரைக் குமரனார் என்னும் புலவரின் பெயரில் கோனாடு இடம்பெறுவதால், சங்க இலக்கிய மரபோடு இந்நிலத்திற்குத் தொடர்பு இருந்தமை உறுதி. அதற்கு மேல், குறிப்பிட்ட பாடலைக் குறிப்பிட்ட கல்வட்டத்தோடு இணைப்பது ஆய்வாகாது. ஈமச்சின்ன மரபு சங்க இலக்கியத்தினும் தொன்மையில் தொடங்கி, அதன் காலத்திலும் நீடித்தது. ஆதலால் இலக்கியம் எவ்வகைச் சான்றைத் தேடுவது என்று கற்பிக்கலாம். எங்குக் கிடைக்கும் என்பதைக் களமே கூறவேண்டும்.

6. ஏழடிப்பட்டம்: பெயருடைய ஊர்கள்

சித்தன்னவாசல் குன்றின் மேல் ஏழடிப்பட்டம் என வழங்கும் இயற்கைக் குகைத்தளத்தில் வழவழப்பாக்கப்பட்ட படுக்கைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றன் அருகே தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு பொறிக்கப்பட்டுள்ளது. ஐராவதம் மகாதேவன் அதனைக் கி.மு. முதல் நூற்றாண்டினதாகக் கொண்டார். எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்குச் சிறுபோசிலைச் சேர்ந்த இளையர் என்பார் அமைத்த இருக்கை என்பது அதன் கருத்து. எருமிநாட்டை மைசூர்ப் பகுதியோடு இணைத்துக் காண்பர்.

ஒரு சிறு கல்வெட்டில் ஒரு நாடும் இரு ஊர்களும் பெயர் பெறுகின்றன. பிறந்த ஊரால் ஒருவரும், வாழும் ஊரால் மற்றொருவரும் அறியப்படுகின்றனர். ஊர் என்பது மனிதரை அடையாளப்படுத்தும் அலகாக அக்காலத்தே வேரூன்றிவிட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. குன்றின் மேல் ஊர்ப்பெயர்களைக் கூறும் எழுத்து. குன்றின் அடியில் பெயரற்ற கல்லறைகள். இரண்டையும் ஒரே மக்களுக்கு உரியவை என்று கொள்ளக் காலக்கணிப்பு இன்னும் துணைசெய்யவில்லை. ஆனால், இரண்டுக்கும் நடுவே உழவும் மேய்ச்சலும் நிகழ்ந்த வெளியில் ஊர் இருந்திருத்தல் வேண்டும் என்னும் எதிர்பார்ப்புக்கு இக்கல்வெட்டு வலுவூட்டுகிறது.

7. பிற களங்கள் தரும் பாடம்

ஈமக்காட்டையும் வாழ்விடத்தையும் ஒருசேர ஆராய்ந்தால் வரலாறு எவ்வாறு மாறும் என்பதற்குக் கொடுமணல் சிறந்த எடுத்துக்காட்டு. நொய்யற்கரையில் வாழ்விடம் ஏறத்தாழ 20 ஹெக்டேரிலும் ஈமக்காடு ஏறத்தாழ 40 ஹெக்டேரிலும் பரவியுள்ளன. கல்லறைகளை மட்டும் அகழ்ந்திருந்தால், அரிய கல்மணிகளை உடைமையாகக் கொண்ட மக்கள் என்ற முடிவோடு நின்றிருப்போம். வாழ்விடத்தை அகழ்ந்ததால்தான் அம்மணிகள் அங்கேயே செய்யப்பட்டன என்பதும், இரும்புத் தொழில் அங்கு நடைபெற்றது என்பதும், மட்கலங்களில் மக்கள் தம் பெயரை எழுதினர் என்பதும் புலனாயின.

கீழடி மறுதிசையில் அமைந்த சான்று. அங்கு வாழ்விடம் முதலில் அகழப்பட்டது. பின்னர் அருகிலுள்ள கொந்தகையின் தாழிக்காடு அதனோடு இணைத்து ஆராயப்பட்டது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மயிலாடும்பாறையில், குன்றுசூழ்ந்த மேட்டுநிலத்தில், வாழ்விட மண்ணடுக்கிலிருந்து எடுத்த மாதிரிகளின் காலக்கணிப்பு இரும்பின் பயன்பாட்டைக் கி.மு. 2172 வரை கொண்டுசென்றதாகத் தமிழக அரசு 2022இல் அறிவித்தது. நிலவமைப்பில் வடபுதுக்கோட்டையோடு ஒப்பிடத்தக்க களம் இது. குன்றுநில வாழ்விடம் அறவே அழிந்துபோகும் என்னும் நம்பிக்கையின்மைக்கு மயிலாடும்பாறை மறுப்பாக நிற்கிறது.

மாவட்டத்துக்குள்ளேயே பொற்பனைக்கோட்டை அண்மையில் வெளிப்பட்டது. புதுக்கோட்டை நகரின் கிழக்கே, வட்டவடிவ மண்மேடாகவும் அகழியாகவும் எஞ்சிய இக்கோட்டைப் பகுதியில் 2012இல் தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகல் கண்டறியப்பட்டது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2021இலும், மாநிலத் தொல்லியல் துறை 2023 முதலும் அங்கு அகழாய்வு மேற்கொண்டன. செங்கற் கட்டுமானம், குறியீடுடைய பானையோடுகள், கல்மணிகள், சிறு பொன்னணி ஆகியவை கிடைத்தன. எனினும் பொற்பனைக்கோட்டையைப் பொதுவிதியாகக் கொள்ளலாகாது. மதிலும் அகழியும் இருந்தமையால் அது மேடாக எஞ்சியது, கண்ணுக்குப் பட்டது. மதிலற்ற சிற்றூர்கள் அவ்வாறு தம்மைக் காட்டிக்கொள்ளா.

8. பாதுகாப்பின் எல்லை

1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள், தொல்லியல் களங்கள் பற்றிய சட்டம், நூறாண்டுக்குக் குறையாத தொன்மையுடைய எச்சங்கள் இருப்பதாக நியாயமாக நம்பத்தக்க நிலப்பரப்பையும் தொல்லியல் களமாக ஏற்கிறது. கண்ணுக்குத் தெரியும் கட்டடம் வேண்டும் என்று அது கூறவில்லை. மாநில அளவில் 1966ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. ஆகவே வாழ்விடத்தைக் காக்கச் சட்டத்தில் இடமில்லை என்பது சரியன்று; நம்பத்தக்க சான்றைத் திரட்டித் தரும் ஆய்வே குறைவு.

2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மத்தியப் பாதுகாப்பிலுள்ள எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. இந்த 300 மீட்டர் கல்வட்டங்களின் எல்லையிலிருந்து அளக்கப்படுகிறது. வாழ்விடம் அதற்குள் அடங்கும் என்பதற்கு உறுதி இல்லை. அடங்காவிடின், கல் உடைத்தலும், செம்மண் அள்ளுதலும், மனைப்பிரிவும், இயந்திரத்தால் நிலம் சமன்படுத்தலும் எவ்விதத் தொல்லியல் வினாவும் எழாமலே நிகழக்கூடும். கல்லறை சாய்ந்தால் மீள நிறுத்தலாம். உழுமண்ணுக்குக் கீழே இரண்டு மூன்று அடியில் கிடக்கும் தளம், அடுப்பு, கம்பக்குழி ஆகியவை ஒருமுறை வாரப்பட்டால் மீளா. இருந்தன என்பதற்கும் சான்று எஞ்சாது.

9. தேடலுக்கான நெறி

மேற்கண்டவற்றின் அடிப்படையில் நான்கு படிகளை முன்வைக்கலாம்.

அ) ஒவ்வோர் ஈமக்காட்டையும் தனித்த புல எண்ணாகக் கொள்ளாமல், அதனைச் சூழ்ந்த நீர்நிலை, உழுநிலம், பாறை வெட்டிய இடம் ஆகியவற்றோடு ஒரே நிலவெளியாக வரைபடத்தில் குறித்தல்.

ஆ) அறுவடைக்குப் பின்னும், கோடை உழவுக்குப் பின்னும் வயல்வாரியாக மேற்பரப்பாய்வு செய்தல். கருப்பு-சிவப்பு ஓடு, இரும்புக் கசடு, அரைப்புக் கல், நிறம் மாறிய சாம்பல் மண் ஆகியவற்றின் செறிவை எண்ணிக் குறித்தல். ஓரிரு ஓடுகள் எருவோடு பெயர்ந்து வந்திருக்கலாம். செறிவே வாழ்விடத்தைச் சுட்டும்.

இ) வருவாய்த் துறைப் பதிவேட்டுப் பெயர்களையும், உழவரும் ஆடு மேய்ப்போரும் வழங்கும் வயற்பெயர்களையும் தொகுத்தல். திடல், மேடு, நத்தம், பொட்டல் என முடியும் பெயர்கள் ஆய்வுக்குரியவை. ஈமச்சின்னக் களமொன்று அம்பலத்திடல் எனப் பெயர் பெற்றமை ஈண்டு நினைக்கத்தக்கது. பெயர் சான்றாகாது, ஆனால் தேடவேண்டிய இடத்தைச் சுட்டும். இப்பணி தமிழ்த் துறைகளுக்கே உரியது. பேச்சுவழக்குச் சொல்லையும் இடப்பெயரையும் பதியும் பயிற்சி அங்குத்தான் உண்டு.

ஈ) செறிவு உறுதியான இடங்களைப் பட்டியலிட்டு, அகழ்வதற்கு முன்பே பாதுகாப்புக்குப் பரிந்துரைத்தல். எல்லாவற்றையும் அகழ வேண்டுவதில்லை; அழியாமல் இருப்பதே முதற்பயன்.

10. முடிவுரை

வடபுதுக்கோட்டைக் குன்றுநிலத்தில் ஈமச்சின்னங்கள் எஞ்சியமைக்கும் வாழ்விடங்கள் மறைந்தமைக்கும் காரணம் ஒன்றே: பின்வந்தோர் நிலத்தைப் பயன்கொண்ட முறை. பாதுகாப்புப் பட்டியல் அறியாமலே அம்முறையைத் தொடர்ந்து, எஞ்சியதை மட்டும் காத்தது. கல்லறையின் கட்டுமானம், புறநானூற்றின் சூளை, ஏழடிப்பட்டத்தின் ஊர்ப்பெயர்கள், கொடுமணலும் மயிலாடும்பாறையும் தரும் ஒப்புமை ஆகிய நான்கும் ஈமக்காட்டிற்கு அண்மையில் நிலைத்த ஊர்களை எதிர்பார்க்கச் செய்கின்றன. அவ்வூர்கள் இன்று உழுநிலத்தின் அடியிலும் இன்றைய ஊர்களின் அடியிலும் கிடக்கின்றன. அவற்றைக் கண்டறிய அகழாய்வுக் குழிக்கு முன் தேவைப்படுவது வயல்வாரியான நடையும், வயலின் பெயரைக் கேட்டறியும் செவியும் ஆகும். இவ்விரண்டும் காலம் தாழ்த்தாமல் நிகழாவிடின், மாண்டோரை மட்டும் நன்கறிந்து வாழ்ந்தோரை அறியாத வரலாறே நமக்கு எஞ்சும்.